சீனிச் சத்தம்

சிவகாசியில் அச்சாகி வந்த கேசட் அட்டையில் சீனியம்மாளின் முகம் பளபளவென்று இருந்தது. கன்னத்தில் கொஞ்சம் தாராளமாகவே ரோஸ் பூசிவிட்டிருந்தார்கள். அவள் நிறத்துக்கு அது சுத்தமாகப் பொருந்தவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவள் கண்ணுக்கு எந்தக் குறையும் படவில்லை. தலைக்கு மேலே மஞ்சள் எழுத்தில் 'சீனிச் சத்தம்' என்று கேசட்டின் பெயர். கீழே, 'எழுதி, மெட்டமைத்து, பாடியவர்: பேரையூர் சீனியம்மாள்.' எண்பத்தாறாம் வருஷம் அது. சினிமாவுக்கும் பாடாமல், சாமி பாட்டும் பாடாமல், ஒரு பெண்பிள்ளை தன் பாட்டைத் தானே எழுதி ஒரு கேசட் முழுக்கப் பாடி, அதற்குத் தன் பெயரையே வைத்துக்கொள்வதென்றால் மதுரையில் அது லேசுப்பட்ட காரியமில்லை. பஸ்ஸில் வரும்போது அவள் அந்த அட்டையைப் பக்கத்துச் சீட்டு அம்மாளுக்குத் தெரிகிற மாதிரிதான் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் டேப் ரெக்கார்டர் கிடையாது. ஆனையூர் பஸ் ஸ்டாப்பில் கருப்பு என்பவரின் டீக்கடையில் இருந்தது. வேலைக்குப் போய்த் திரும்பிய கூட்டம் கிளாஸும் கையுமாக நின்றுகொண்டிருந்த நேரம்.

"கருப்பண்ணே, இதக் கொஞ்சம் போடுங்களேன்," என்று நீட்டினாள்.

அட்டையைப் பார்த்ததும் கருப்பு கண்ணை அகல விரித்தார். "யாத்தே, நம்ம சீனியா! டேய், எல்லாரும் வாயப் பொத்துங்கடா, புள்ள பாடப்போகுது."

முதலில் தாள மெஷினின் டிக்டிக் வந்தது. அதற்கு மேலே தவில்காரன் பேயாண்டியின் அடி ஏறியது. கிடார் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. எல்லாம் அவள் சொன்ன இடத்தில், சொன்ன மாதிரியே இருந்தன. பிறகு குரல் வந்தது.

'பேரையூரு பஸ்சுக்கு முன்னால புழுதி வருதடி,
புழுதிக்கு முன்னால எம்மனசு போகுதடி...'

அது அவள் குரல் இல்லை.

பாட்டு அவளுடையது, மெட்டு அவளுடையது, மூச்சு விடுகிற இடம்கூட அவள் வைத்தது. குரல் மட்டும் வேறு. வழுவழுவென்று, ஒரு கீறல் இல்லாமல், சுருதி சுத்தமாக ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று முதல் வரியில் நினைத்தாள். இரண்டாவது வரியில் அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அனந்து. அனந்தலக்ஷ்மி. அவள் சிநேகிதி.

"எம்புட்டு நைஸா பாடிருக்க தாயி! ஒனக்குள்ள இப்பிடி ஒரு தொண்டையா?" என்றார் கருப்பு. நின்றவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்துத் தொலைத்தாள். வேறு என்ன செய்வது?

இந்த இருவரின் சிநேகிதம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஆரம்பித்தது. பக்கத்துப் பக்கத்து மெஷின். பேரையூர்க் கரிசல் காட்டிலிருந்து ஆனையூருக்குக் குடிவந்த, வெள்ளாமை பார்த்த சம்சாரி வீட்டுப் பெண் ஒருத்தி. சித்திரை வீதியில் வீணை கற்றுக்கொண்டு வளர்ந்த கலெக்டர் ஆபீஸ் ஹாலாஸ்யத்தின் மகள் ஒருத்தி. இன்ஸ்டிடியூட்டில் எல்லா மெஷினும் ஒன்றாகத் தட்டும்போது ஒரு தாளம் வரும். சீனி அதற்குள் வாய்க்குள்ளேயே ஒரு கும்மியை முணுமுணுப்பாள். ஒருநாள் அனந்து அதைக் கேட்டுவிட்டு, தட்டிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினாள்.

"ஏய், இது என்னடி? கும்மி மாதிரியும் இருக்கு, டிஸ்கோ மாதிரியும் இருக்கு."

"ரெண்டுந்தான்," என்றாள் சீனி.

அப்புறம் இரண்டு பேரும் பேய் பிடித்தவர்கள் மாதிரி அதிலேயே கிடந்தார்கள். சீனி எழுதினாள், மெட்டுக் கட்டினாள். அனந்து அதற்கு ஸ்வரம் பிரித்தாள், கீபோர்டில் வாசித்துக் காட்டினாள். தாலாட்டுக்குக் கிடார் வந்தது, ஒப்பாரிக்குத் தாள மெஷின் வந்தது. 'மழைய நான் கேட்டேன், மப்புத்தான் வந்துச்சு' என்கிற பாட்டை, செத்த வீட்டில் மாரடிக்கிற தாளத்தில் வைத்து, அதன் மேலே இங்கிலீஷ் பாட்டில் வருகிற மாதிரி ஒரு ஹம்மிங்கை விட்டார்கள். சீனியின் குரல் அடித்தொண்டையில் ஆரம்பிக்கும். மேலே ஏறும்போது லேசாக உடையும். "அந்த உடையற இடம் இருக்கே, அதுதான்டி பாட்டே. அதைச் சரி பண்ணிடாதே," என்று சொன்னதே அனந்துதான். சீனி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

டவுனில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்த வெள்ளைத்துரை பாட்டுகளைக் கேட்டதும் கேசட் போடலாம் என்றார். கெட்ட மனுஷர் இல்லை, வியாபாரி. சிங்கப்பூரிலிருந்து, ஒரே டேப்பில் நாலு வரிசையாகத் தனித்தனியே பதிகிற நாலு ட்ராக் மெஷின் ஒன்றை இறக்கி வைத்திருந்தார். "மொதல்ல நீ ட்ராக் பாடிரும்மா," என்றார். சீனி கண்ணாடி அறைக்குள் நின்று, வியர்க்க விறுவிறுக்க எல்லாப் பாட்டையும் உயிரைக் கொடுத்துப் பாடினாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஆத்தா, ட்ராக் பாடி முடிச்சிட்டேன்," என்று சொன்னபோது அவளுக்குக் குதிகால் தரையில் பாவவில்லை.

ட்ராக் என்றால் டேப்பில் பதிவது என்று அவள் நினைத்திருந்தாள். அந்தத் தொழிலில் அதற்கு வேறு அர்த்தம். பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகச் சீட்டில் துண்டு போடுவார்களே, அதுதான் ட்ராக். உட்கார வேண்டியவர் வந்ததும் துண்டை எடுத்துவிடுவார்கள். சீனிக்கு இது தெரியாது. அனந்துவுக்குத் தெரியும்.

டீக்கடையிலிருந்து நேரே வெள்ளைத்துரையிடம்தான் போனாள். அவர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"ட்ராக்குன்னு சொல்லித்தானம்மா பாட வச்சேன்? நீயும் சரின்னு தலைய ஆட்டுன."

"எனக்கு அதுக்கு அர்த்தம் தெரியலண்ணே."

"அடப் பாவமே." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "கடக்காரங்களுக்குப் போட்டுக் காட்டுனேன்மா. பாட்டு பிரமாதம், குரலுதான் கரட்டுக் காடா இருக்குன்னுட்டாங்க. வேற ஆளப் பாட வச்சேன். அதுக்குள்ள ஒம்படம் போட்ட அட்டை சிவகாசியிலருந்து வந்து எறங்கிருச்சு. பாடுன பொண்ணும் எம்பேரு வரவே கூடாதுன்னு சொல்லிருச்சு. ரெண்டும் சரியாப் போச்சு. பேரும் ஒன்னது, படமும் ஒன்னது. ஒனக்கு என்னம்மா நட்டம்?"

"நான் பாடுனதக் குடுங்க. அது போதும் எனக்கு."

வெள்ளைத்துரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எங்கிட்டு இருக்கு? மூணு ட்ராக் வாத்தியத்துக்குப் போயிருச்சு. ஒங்குரல் இருந்த ட்ராக்குலதான அந்தப் பொண்ணு பாடுச்சு. மேல பாடப் பாடக் கீழ இருக்குறது அழிஞ்சிரும்மா."

சீனி வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். யாரோ பாடினார்கள் என்பதுகூட அப்புறம். அனந்து ஒவ்வொரு வரியாகப் பாடப் பாட, இவள் குரல் ஒவ்வொரு வரியாகச் செத்திருக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இவள் குரலைக் காதில் கேட்டுக்கேட்டுப் பாடிப் பழகிவிட்டுத்தான் அதன்மேல் பாடியிருப்பாள். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் இன்ஸ்டிடியூட்டில் அனந்து அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். முகம் வெளிறிப்போயிருந்தது. சுற்றிலும் மெஷின்கள் தடதடத்துக்கொண்டிருந்ததால் மெதுவாகப் பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"நீ பேரையூர் போயிருந்தியேடி, அப்போ கூப்பிட்டார். சும்மா சரிபார்க்கறதுக்குப் பாடிக் காட்டுங்கோன்னார்..."

"கேசட்டு முழுக்கச் சரிபாத்தியாக்கும்?"

அனந்து தலையைக் குனிந்துகொண்டாள். "நான் பாடலேன்னா அவர் கேசட்டே போட்டிருக்க மாட்டார், சீனி. நம்ம பாட்டு வெளியே வரணுமேன்னுதான். எனக்கு என்ன கிடைச்சுது, சொல்லு? பேர்கூட இல்லை. அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னை உசுரோட வைப்பாரா?"

"வெளிய வந்தது பாட்டு. நான் வரலயேடி."

"உன் பேர்தானேடி இருக்கு..."

"எம்பேர வச்சு நான் என்ன செய்ய? எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல? ட்ராக்குன்னா இதுதான்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லிருந்தா, நான் பாடாம வந்திருப்பேன்ல?"

அனந்து கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டு, "கோவிச்சுக்காதே... பஸ் பாட்டு எப்படி இருந்தது? நன்னா வந்திருந்ததா?" என்று கேட்டாள்.

திருடிக்கொண்டு போனவள், திருடிய சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, எனக்கு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் எப்படி இருக்கும்? அதைவிடக் கொடுமை, பாட்டு நன்றாகத்தான் இருந்தது. சீனி அங்கிருந்து புறப்பட்டபோது அனந்து பின்னாலேயே படிவரை வந்தாள். "என் பேரை மட்டும் யார்ட்டயும் சொல்லிடாதேடி, உன் காலைப் பிடிச்சுக்கறேன்," என்றாள். சீனி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கேசட் பிய்த்துக்கொண்டு ஓடியது. லாரியில் கேட்டது, கல்யாண வீட்டு ரேடியோ செட்டில் கேட்டது, பரவை காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்கள்கூட 'மப்புத்தான் வந்துச்சு' என்று பாடிக்கொண்டே இறக்கினார்கள். எங்கே போனாலும் சீனியை நிறுத்தி வைத்துப் பாராட்டினார்கள். "அது நான் பாடல," என்று அவள் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். "என்ன ஒரு அடக்கம் பாரு!" என்று அதற்கும் சேர்த்துப் பாராட்டினார்கள்.

கடைசியில் அம்மாவிடம் சொன்னாள். பாண்டியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஆத்தா, சத்தியமா அது என் சத்தம் இல்ல. நீ பெத்தவதான, ஒனக்குமா தெரியல?"

"மெஷினு இழைச்சுக் குடுக்கும்ல. நெல்லக் குடுத்தா மில்லுல பட்ட தீட்டிக் குடுக்குற மாதிரி." பாண்டியம்மாள் ஊதி உமியைத் தள்ளினாள். "எனக்கென்னமோ இப்பத்தான் ஒங்குரலு கேக்குற மாதிரி இருக்கு. முந்தியெல்லாம் தொண்ட கட்டுன மாதிரில்ல பாடுவ."

சீனி எழுந்து கொல்லைப்புறம் போய் நின்றாள். மாடு மேய்த்த காலத்திலிருந்து தன்னிடம் இருக்கிற ஒரே சொத்து என்று அவள் நம்பியிருந்த குரல் அது. அதைப் பெற்ற தாயே அடையாளம் தெரியாமல் தொலைத்துவிட்டாள். ஒருமுறை, ஒரே ஒருமுறை, கூடியிருக்கிற ஜனங்களுக்கு முன்னால் தன் குரலில் பாடிவிட்டால் போதும், எது அசல் என்று தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தெரியாமல் போனால் இனிமேல் வாயைத் திறந்து என்ன பிரயோஜனம்? பாவம், ஜனங்களின் காதைப்பற்றி அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

பரவை மார்க்கெட் வியாபாரிகள் பங்குனிப் பொங்கலுக்குக் கச்சேரி கேட்டு வந்தபோது, வெள்ளைத்துரை எதிர்பார்க்காத வேகத்தில் அவள் ஒத்துக்கொண்டாள். "நான்தான் பாடுவேன். எஞ் சத்தத்துலதான் பாடுவேன்," என்றாள். "தாராளமாப் பாடும்மா," என்றார் அவர். கீபோர்டுக்கு அனந்து வருவாள் என்றார். வீட்டுக்குத் தெரியாமல் வாசிக்கிறவள் ஆகையால் மேடைக்குப் பின்னால், படுதா மறைவில் உட்கார்ந்துகொள்வாள். சிநேகிதி கல்யாணம் என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு அனந்துவும் வந்தாள். மேடைக்கு ஏறும் முன் சீனியின் கையைப் பிடித்து, "நீ நன்னாப் பாடுவே," என்றாள். சீனிக்குக் கொஞ்சம் மனசு இளகியதுகூட உண்மை.

பொழுது சாய்கிற நேரத்தில் கச்சேரி ஆரம்பித்தது. சீனி மைக்கைப் பிடித்ததும் விசில் பறந்தது. பேயாண்டி தவிலை உருட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு அடித்தொண்டையிலிருந்து பேரையூர் பஸ்ஸை எடுத்தாள். மேலே ஏறும்போது குரல் உடைந்தது. அது உடைய வேண்டிய இடம்தான். அதற்காகவே எழுதிய இடம்.

கூட்டத்தில் முதலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அப்புறம் ஒருத்தன் கத்தினான்.

"ஏய், இது கேசட்டுல பாடுன பொண்ணு இல்லப்பா!"

"தொண்டையில முள்ளு மாட்டிக்கிச்சா?"

"டூப்பு! டூப்பக் கூட்டியாந்துட்டாங்கடோய்!"

முன்வரிசையில் அட்டையைக் கையில் வைத்திருந்த ஒரு பெண், படத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "மூஞ்சி அதேதான்டி. சத்தம் யாருதோ," என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது சீனிக்கே கேட்டது. இரண்டாவது சரணத்தில் பாட்டு காதில் விழாத அளவுக்குச் சத்தம் கூடிவிட்டது. அவள் பாதியில் நிறுத்தினாள்.

வெள்ளைத்துரை அவளைக் கையைப் பிடித்துப் படுதாவுக்குப் பின்னால் இழுத்துப் போனார். "பதறாத. ஒரு நிமிஷம் மைக்கு கோளாறுன்னு சொல்லிட்டேன். நீ போயி வாய மட்டும் அசை. அனந்து இங்கருந்து பாடட்டும்."

சீனி திரும்பிப் பார்த்தாள். கீபோர்டுக்குப் பக்கத்தில், அனந்துவின் வாய்க்கு நேராக, ஒரு மைக் நின்றுகொண்டிருந்தது. இப்போது கொண்டுவந்து வைத்தது இல்லை. அதன் ஒயர் மேடைக்கு அடியில் போட்டிருந்த பலகைகளுக்குக் கீழே ஓடியது. மேடை கட்டும்போதே இழுத்த ஒயர்.

"இது எப்பருந்து இங்க இருக்கு?" என்று கேட்டாள்.

அனந்து கீபோர்டைக் குனிந்து பார்த்தாள். "ஒருவேளை தேவைப்பட்டா... உன்னைக் காப்பாத்தறதுக்குத்தான்டி, சீனி. நீ நின்னா போதும். நான் பாத்துக்கறேன்."

நன்னாப் பாடுவே என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோதும் இந்த மைக் இங்கேதான் நின்றிருக்கிறது. சீனிக்கு இப்போது அழுகை வரவில்லை. நேரே மேடைக்குப் போனாள்.

தவில் மறுபடி ஆரம்பித்தது. கிடார் சுற்றி வந்து நின்றது. படுதாவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் புறப்பட்டது. 'பேரையூரு பஸ்சுக்கு முன்னால...' கூட்டம் ஹோவென்று ஆர்ப்பரித்துக் கை தட்டியது.

சீனி மைக்குக்கு முன்னால் உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

மேலே குழல்விளக்கு வெளிச்சம் அவள் முகத்திலேயே அடித்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவள் வாய் அசையவில்லை. முதலில் முன்வரிசைப் பெண்தான் கவனித்தாள். பிறகு ஒவ்வொருத்தராகக் கை தட்டுவதை நிறுத்தினார்கள். படுதாவுக்குப் பின்னால் இருப்பவளுக்கு இது எதுவும் தெரியாது. அவள் லயித்துப் பாடிக்கொண்டிருந்தாள். சரணத்தில் புதிதாக ஒரு சங்கதிகூடப் போட்டாள்.

கூட்டம் முழுசாக அடங்கியதும் சீனி மைக்கைக் கையில் எடுத்தாள்.

"இப்பக் கேக்குதுல்ல, இதுதான் நீங்க கேசட்டுல கேட்ட சத்தம். நான் வாயத் தொறக்கல. முந்திப் பாடுனேன் பாருங்க, அதுதான் நான். பாட்டு நான் எழுதுனது. பாடுறது என் சிநேகிதி, அனந்தலக்ஷ்மி. சித்திரை வீதி, கலெக்டர் ஆபீஸ் ஹாலாஸ்யம் மக."

குரல் வெட்டினாற்போல நின்றது. தாள மெஷின் மட்டும் டிக்டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

சீனி படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். அனந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் தரையில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் தாரைதாரையாக ஓடியது.

"அப்பா பேரையுமா சொன்னே? நாளைக்கு நான் எப்படிடி ஆத்துக்குள்ள போவேன்? ஒண்ணே ஒண்ணுதானே உன்னைக் கேட்டேன். உன்னை அவ்வளவு நம்பினேனேடி!"

அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியது யார்? சீனி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வஞ்சம் தீர்ந்த சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. பொய் சொல்லித்தான் வந்திருக்கிறாள் இவள், வீட்டில் இன்றைக்கு என்ன நடக்கும் என்கிற கவலைதான் வந்தது. குனிந்து அவளைத் தூக்கிவிடக் கையை நீட்டினாள்.

அப்போது வெளியே கூட்டம் மறுபடியும் இரைய ஆரம்பித்தது. ஒரு குரல் எழுந்தது, பின்னாலேயே பத்துக் குரல், பிறகு மைதானம் முழுக்க.

"அனந்தலக்ஷ்மி! அனந்தலக்ஷ்மியப் பாடச் சொல்லு! மேடைக்கு வரச் சொல்லு!"

உண்மை தெரிந்த பிறகும் அவர்கள் சீனியைக் கேட்கவில்லை. ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. சீனி எதிரே பார்த்தாள். தேம்பிக்கொண்டிருந்த அனந்து, தேம்பலைச் சட்டென்று நிறுத்தியிருந்தாள். தலையை லேசாகச் சாய்த்து, தன் பெயரைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நனைந்த முகத்தில், அவளுக்கே தெரியாமல், ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

நீட்டிய கையைச் சீனி பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"மூஞ்சியத் தொடச்சுக்கிட்டுப் போடி," என்றாள். "ஒன்னத்தான் கூப்புடுறாங்க."